வேறு கம்பெனி இன்ஜின் ஏற்றிய வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் தகராறு: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

இன்ஜின் மவுண்டில் உட்கார்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் பொருந்திவிட்டது, சைலன்சர் குழாயும் வளைத்தாகிவிட்டது. ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்றுவிடுகிறது. அல்லது இன்ஜின் அருமையாக ஓடுகிறது, மீட்டர் போர்டில் ஒரு முள்கூட அசையவில்லை. இரும்பு வேலையில் எது எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே புரியும். வயரிங்கில் அந்த வசதி கிடையாது. பாதியில் கைவிடப்பட்ட இன்ஜின் மாற்று வண்டிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோயிருக்கின்றன.

இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) தன் பழைய வண்டியில் தனியாக வாழவில்லை. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு), ஏபிஎஸ், மீட்டர், கியர்பாக்ஸ் பெட்டி என்று பலரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி, தன் பாஷை தெரியாத வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இந்தப் பெட்டி இப்போது யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது?

மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், இன்ஜின் இசியூ வண்டியிடமிருந்து எதிர்பார்ப்பவை: நேரடி பேட்டரி கரண்ட், சாவி கரண்ட், இம்மொபிலைசர் சம்மதம், ஆக்சிலேட்டர் பெடல், பிரேக் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், வண்டியின் வேகம், ஏசி கோரிக்கை. வலது பக்கம், வண்டி இன்ஜினிடமிருந்து எதிர்பார்ப்பவை: ஆர்பிஎம், தண்ணீர் சூடு, ஆயில் பிரஷர், சார்ஜ் விளக்கு, செக் இன்ஜின் விளக்கு, ஏபிஎஸ்ஸுக்கு வேண்டிய டார்க் (இன்ஜின் திருப்பும் விசை) தகவல், ஃபேன். ஒவ்வொன்றின் எதிரிலும் அது தனி வயரில் வருகிறதா, கேன் லைனில் (பெட்டிகள் பேசிக்கொள்ளும் பொது வயர் ஜோடி) வருகிறதா, வரவே இல்லையா என்று எழுதுங்கள். 'இல்லை' என்று எழுதிய இடங்களில் பாதியாவது பின்னால் ஒரு அறிகுறியாகத் திரும்பி வரும்.

இரண்டு வண்டிகளின் வயரிங் படமும் வேண்டும். அதே வருடம், அதே நாட்டு மாடலுக்கானது. ஒரே இன்ஜின் இரண்டு வருட இடைவெளியில் வேறு கனெக்டரோடு வருவது சகஜம். வயர் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். 'தயார் நிலை' என்று விற்கப்பட்ட ஒரு ஹார்னஸை (முழு வயர்க் கட்டு) நான் வாங்கினேன். அதில் இரண்டு இன்ஜெக்டர் வயர்களின் பெயர்ச்சீட்டு இடம் மாறியிருந்தது. எல்லா பின்னையும் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்திருந்தால் அரை நாள் வேலை. பார்க்காததால் ஒரு வாரம் போனது.

பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இசியூ சிக்னல் வயர்களில் வைக்க வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட்டைக் கெடுத்துவிடக்கூடும். மஞ்சள் கனெக்டர் பொதுவாக ஏர்பேக்குக்குப் போவது. அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எர்த்

இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வினோதமான பிழைகளில் பலவும் இங்கேதான் முடிகின்றன. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. பழைய இன்ஜினோடு எர்த் பட்டையும் கழன்று போயிருக்கும். புதிய இன்ஜினில் அதற்கான போல்ட் துளை வேறு இடத்தில் இருக்கும். அவசரத்தில் யாரும் அதைத் திரும்பப் போடுவதில்லை. ஒரு வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கிளட்ச் கேபிள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடானது. நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு வேறு வழி இல்லாததால் அந்த மெல்லிய கேபிள் வழியாக பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஓம் அளந்து எர்த்தைச் சோதிக்காதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 0 காட்டும். சரியான சோதனை வோல்ட்டேஜ் இறக்கம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தண்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது இசியூவின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவேயும் இதேபோல் பாருங்கள், 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சென்சார்கள் 5 வோல்ட் அளவுகோலில் பேசுகின்றன. அங்கே 0.1 வோல்ட் பிசகினால் 2 சதவீதம் போய்விட்டது, ஐடிலில் 0.5 வோல்ட் தரும் சென்சாருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. சென்சார் எர்த் வயர்களை பாடியில் எங்கேயாவது திருகி வைக்கக் கூடாது. அவை இசியூவுக்கே திரும்பிப் போக வேண்டும்.

அறிகுறி: செல்ஃப் சுற்றவே இல்லை

செல்ஃப் மோட்டாரின் சிறிய வயரில் சாவி திருப்பும்போது 12 வோல்ட்டை ஒட்டி வருகிறதா பாருங்கள். வந்தால் தவறு மோட்டாரிலோ தடித்த கேபிளிலோ இருக்கிறது. வரவில்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் பார்க்-நியூட்ரல் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே என்று பின்னோக்கிப் போங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இசியூவோ பாடி பெட்டியோ அந்த ரிலேயை இயக்கும். அப்படியானால் கேன் பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஸ்கேனரைச் செருகி, செல்ஃப் அடித்துக்கொண்டே லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். இந்த ஒரு எண் பாதைகளைப் பிரித்துக் கொடுக்கும்.

ஸ்கேனர் இசியூவோடு பேசவே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை, அல்லது ஓபிடி லைன் (ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் லைன்) இணையவில்லை. ஓபிடி சாக்கெட்டில் 16-ஆம் பின் நேரடி பேட்டரி, 4-ம் 5-ம் எர்த், 6-ம் 14-ம் கேன், 7 பழைய கே-லைன் (ஒற்றை வயரில் ஸ்கேனரோடு பேசும் முறை). அமெரிக்காவில் 1996 முதல் ஓபிடி-2 கட்டாயம், 2008 மாடலிலிருந்து அங்கே கேன் வழியாகவே பேச வேண்டும். அதற்கு முந்தைய இன்ஜின் என்றால் 6, 14 காலியாக இருக்கலாம். அது பிழை இல்லை.

சாவியை 'ஆன்'-இல் வைத்தால் ஸ்கேனர் பேசுகிறது, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தொடர்பு அறுகிறது. சாவியை விடும் அந்தக் கணத்தில் இன்ஜின் ஒருமுறை பிடிக்கப் பார்க்கிறது. இது இன்ஜின் மாற்றும் வேலைக்கே உரிய பிழை. சாவி சுவிட்ச்சில் பல வெளியீடுகள் உண்டு. ரேடியோவுக்குப் போகும் வெளியீடு செல்ஃப் அடிக்கும்போது வேண்டுமென்றே அணைக்கப்படும். இசியூ கரண்ட்டை அதிலிருந்து எடுத்திருப்பீர்கள். 'ஆன்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் உயிரோடு இருக்கும் வயரைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். இதே பிழையில் நான் ஒரு நல்ல பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் புதிது போட்டிருக்கிறேன்.

தொடர்பு இருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் 0 என்றால் கிராங்க் சென்சார், அதாவது கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பார்த்து ஆர்பிஎம் சொல்லும் சென்சார். சென்சாரும் வயரும் நன்றாகவே இருக்கலாம். பல்சக்கரம் இசியூ எதிர்பார்க்கும் சக்கரமாக இல்லாமல் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜின் குடும்பத்தில் இது அடிக்கடி நடக்கும். மூன்றாம் தலைமுறை 24 எக்ஸ் (சுற்றுக்கு 24 பல்ஸ்) சக்கரத்தோடு வந்தது, நான்காம் தலைமுறையில் பெரும்பாலானவை 58 எக்ஸ். பிளாக் ஒன்றிலிருந்தும் இசியூ இன்னொன்றிலிருந்தும் வந்தால் ஆர்பிஎம் சிக்னல் ஒருபோதும் பொருந்தாது. சென்சார் கருப்பு என்றால் 24, சாம்பல் என்றால் 58 என்பது வழக்கமான அடையாளம். யாராவது முன்பே மாற்றியிருந்தால் அந்த அடையாளம் ஏமாற்றும்.

ஆர்பிஎம் 150, 200 என்று காட்டுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் எரிபொருளுக்கு வாருங்கள். சாவியை 'ஆன்' செய்ததும் பெரும்பாலான இசியூக்கள் பம்ப்பை இரண்டு நொடி ஓட்டி நிறுத்தும். அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். கார்பரேட்டர் வண்டியின் பழைய பம்ப் 0.3 பார் அளவில்தான் தரும். போர்ட் இன்ஜெக்ஷனுக்கு 3 முதல் 4 பார் வேண்டும். பிரஷரும் சரி, ஸ்பார்க்கும் இருக்கிறது, இன்ஜெக்டர் மட்டும் துடிக்கவில்லை என்றால் அடுத்த அறிகுறியையும் படியுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு நொடியில் நின்றுவிடுகிறது

ஒவ்வொரு முறையும் கடிகாரம் வைத்தாற்போல் அதே நேரத்தில் நின்றால் அது இம்மொபிலைசர். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் பலவற்றில் இந்த அறிகுறி அப்படியே இருக்கும்: இன்ஜின் நன்றாகப் பிடிக்கும், ஓரிரு நொடியில் யாரோ சாவியைப் பிடுங்கியது போல அணையும். வேறு சில கம்பெனிகளில் இன்ஜெக்டரே திறக்காது. நிற்கும் நேரம் முறைக்கு முறை மாறினால் பெட்ரோல் பிரஷரையோ காற்றுக் கசிவையோ பாருங்கள்.

சாவியின் தலையில் ஒரு சிப், சாவித்துளையைச் சுற்றி ஒரு காயில், அதைப் படிக்கும் ஒரு பெட்டி. பல வண்டிகளில் அந்தப் பெட்டி மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கும். அது 'சரியான சாவிதான்' என்று சொன்னால்தான் இசியூ தொடரும். புதிய வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை.

தீர்வு மூன்று. பழைய வண்டியின் சாவி, காயில், இம்மொபிலைசர் பெட்டி மூன்றையும் இன்ஜினோடு சேர்த்தே கொண்டுவந்து டேஷ்போர்டுக்குள் மறைவாகப் பொருத்தலாம். சிப் காயிலுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். வண்டியின் சொந்தப் பூட்டு வழக்கம்போல் வேலை செய்யும். அல்லது இசியூ மென்பொருளில் இம்மொபிலைசரை அந்த வேலை தெரிந்தவரிடம் நீக்கலாம். மூன்றாவது, கம்பெனி இசியூவையே விட்டுவிட்டு தனி இசியூ போடுவது. நான் முதல் வழியை விரும்புகிறேன், ஏனென்றால் அதில் இசியூவின் நினைவில் கைவைக்க வேண்டாம், பிழை வந்தால் திரும்பிப் போகவும் முடியும். ஆனால் இன்ஜின் வாங்கும் நாளிலேயே அந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் தேடிப் போனால் அந்த வண்டி உடைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது வழியில் போனால், மாற்றும் முன் இசியூவின் முழு நினைவகத்தையும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறது

முதல்முறை பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். எங்கிருந்தோ பின்வழியாகக் கரண்ட் வந்து சாவி லைனை உயிரோடு வைத்திருக்கிறது. வழக்கமான குற்றவாளி ஆல்டர்னேட்டர். சார்ஜ் விளக்கு வயர் சாவி லைனில் இணைந்திருக்கும். இன்ஜின் சுற்றும்வரை அந்த வயரில் ஆல்டர்னேட்டரே 12 வோல்ட்டுக்கு மேல் தரும். அது விளக்கு வழியாகத் திரும்பி, இசியூவின் மெயின் ரிலேயைப் பிடித்து வைக்கப் போதும். ஒரு ரிலே காயிலுக்குச் சுமார் 0.15 ஆம்பியர்தான் வேண்டும். ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கரண்ட் போகும்படி அந்த வயரில் ஒரு டையோடு வையுங்கள், தீர்ந்தது.

ஆல்டர்னேட்டர் காரணமில்லை என்றால் ரேடியேட்டர் ஃபேன். சாவியை அணைத்த பிறகும் சுழலும் மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். ஃபேன் கரண்டையும் இசியூ கரண்டையும் ஒரே ரிலே வழியாகக் கொடுத்தவர்களுக்கு இன்ஜின் சில நொடி கூடுதலாக ஓடி நிற்கும். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசும்போதே: சார்ஜே ஆகவில்லை, ஆக்சிலேட்டரை ஒருமுறை உறுமவிட்ட பிறகுதான் ஆகிறது என்றால் அந்த விளக்கு வயரில் போதுமான கரண்ட் போகவில்லை. பல்புக்குப் பதில் எல்இடி போட்ட மீட்டர்களில் இது அடிக்கடி வரும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை விளக்குக்கு இணையாகப் போட்டால் 0.12 ஆம்பியர் போகும். ஆனால் முதலில் வயரிங் படத்தைப் பாருங்கள். புதிய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றை இசியூ நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது; அந்தப் பின்னில் நேரே 12 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டர் போய்விடும்.

அறிகுறி: ஆக்சிலேட்டர் மிதித்தும் வேகம் எடுக்கவில்லை

எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள இன்ஜினில் பெடல், த்ராட்டில் பாடி, இசியூ மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறை எல்எஸ்ஸில் நடுவில் ஒரு த்ராட்டில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உண்டு, அதுவும் பொருந்தியாக வேண்டும். உங்கள் வண்டியின் சொந்தப் பெடல் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம், கனெக்டரும் நுழையலாம். உள்ளே வோல்ட்டேஜ் ஏறும் விதம் வேறு.

பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும். பல வடிவமைப்புகளில் இரண்டாவது, முதலாவதில் சரியாகப் பாதியைத் தரும். சிலவற்றில் ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இசியூ பாதுகாப்புக்காக த்ராட்டிலைச் சற்றே திறந்து வைத்துவிட்டு மிதிப்பதைக் கண்டுகொள்ளாது. ஸ்கேனரில் இரண்டையும் பார்த்துக்கொண்டே பெடலை மெதுவாக அமுக்குங்கள், எது தாவுகிறது என்று தெரிந்துவிடும். கம்பெனி பெடலையே கொண்டுவந்து தகடு வெட்டிப் பொருத்துவதுதான் சரியான வழி. வேறு பெடலை ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இது வண்டி தானாக வேகமெடுக்கிற விஷயம்.

பெடல், த்ராட்டில், மேப் சென்சார் (இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பது) என்று ஒரே நேரத்தில் பல பிழைக் குறியீடுகள் வந்தால் 5 வோல்ட் லைன் எங்கோ எர்த்தில் இடிக்கிறது. அந்த லைனில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கே பாருங்கள்.

அறிகுறி: சிக்னலில் நிறுத்தப்போகும்போது இன்ஜின் அணைகிறது

ஓரமாக நிறுத்தி வைத்தால் ஐடில் அழகாக நிற்கிறது. ஓட்டிக்கொண்டு வந்து கிளட்ச் அமுக்கினால் ஆர்பிஎம் சரிந்து அணைகிறது. இசியூவுக்கு வண்டியின் வேகம் தெரியவில்லை. வண்டி உருள்கிறது என்று தெரிந்தால் பல இசியூக்கள் ஐடிலைச் சற்று உயர்த்தி வைத்து மெதுவாக இறக்கும். வேகம் 0 என்று நம்பினால் அந்தக் கவனிப்பு கிடைக்காது.

வேக சிக்னல் இருந்தும் அளவு வேறாக இருக்கலாம். பழைய ஜப்பானிய ஸ்பீடோமீட்டர் கேபிள் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும்; சுற்றுக்கு 4 பல்ஸ் தரும் சென்சாரில் கிலோமீட்டருக்கு 2548 பல்ஸ் வரும். அமெரிக்க வண்டிகள் பலவற்றில் மைலுக்கு 4000, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 2485. இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எல்லா வண்டியும் இப்படி இல்லை. பல்ஸ் அளவை மாற்றித் தரும் சிறிய பெட்டி ஒன்றைப் போட்டு, ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முறை சாவி எடுத்த பிறகும் ஐடில் தடுமாறினால் நேரடி பேட்டரி வயர் விட்டுப்போயிருக்கிறது. இசியூ கற்றுக்கொண்டதை எல்லாம் தினமும் மறக்கிறது.

அறிகுறி: ஆர்பிஎம் முள் தவறாகக் காட்டுகிறது

இது கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு, 4 சிலிண்டர் என்றால் 2 ஸ்பார்க், 6-க்கு 3, 8-க்கு 4. 4 சிலிண்டர் மீட்டரில் 6 சிலிண்டர் இன்ஜினின் சிக்னலைக் கொடுத்தால் 2000 என்பது 3000 ஆகத் தெரியும். 8 சிலிண்டராக இருந்தும் எல்எஸ் இசியூக்கள் வழக்கமாக 2 பல்ஸே தருகின்றன. 8 சிலிண்டர் மீட்டர் அதைப் பாதியாகக் காட்டும். காட்டும் எண்ணை உண்மை எண்ணால் வகுத்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முள் அசையவே இல்லை என்றால் சிக்னலின் உயரம் போதவில்லை. பழைய மீட்டர்கள் இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையில் எழும் நூற்றுக்கணக்கான வோல்ட் எழுச்சியைப் பார்த்துப் பழகியவை. இசியூ தருவது எர்த்தை இழுத்து விடும் ஒரு சுவிட்ச் மட்டும்தான், மேலே தூக்கிவிட யாரும் இல்லை. சிக்னல் வயருக்கும் சாவி 12 வோல்ட்டுக்கும் நடுவே 1000 முதல் 5000 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முள் உடனே எழுந்துவிடும்.

அறிகுறி: சூடு முள் பொய் சொல்கிறது

இசியூவின் சென்சார் வயரில் மீட்டரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டும் கெடும். மீட்டரின் கரண்ட்டும் அந்த வயரில் ஓடும், இசியூ தவறான சூட்டைப் படித்து எரிபொருளைத் தவறாகக் கொடுக்கும். வழக்கமான இசியூ சென்சார் 20 டிகிரியில் 2500 ஓமை ஒட்டியும் 100 டிகிரியில் 200 ஓமுக்குக் கீழேயும் இருக்கும். மீட்டருக்கான சென்சாரின் அளவுகோலே வேறு. வண்டியின் பழைய மீட்டர் சென்சாரை, திருகு அளவு மாற்றும் ஒரு பித்தளை அடாப்டரோடு புதிய இன்ஜினில் தண்ணீர் ஓடும் இடத்தில் பொருத்துங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் வைத்தால் முள் எப்போதும் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

அறிகுறி: மீட்டர் போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்குகள், பவர் ஸ்டீயரிங் கனம்

இப்போது கேன். 1983-இல் பாஷ் கம்பெனி தொடங்கி 1986-இல் வெளியிட்ட முறை. இரண்டு முறுக்கிய வயர்களில் எல்லாப் பெட்டிகளும் பேசுகின்றன. இன்ஜின் செய்தி வராவிட்டால் ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், இன்ஜின் ஓடுகிறது என்று கேட்காதவரை உதவாது. இந்த இரண்டும் சரியாகாமல் வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம்.

முதலில் வயரின் உடல்நிலை. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் நடுவே ஓம் அளங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இணையாகச் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை காணவில்லை. இன்ஜின் மாற்றியவர்களுக்கு இது மிக இயல்பு, ஏனென்றால் ஒன்று இசியூவுக்குள்ளும் மற்றது பழைய வண்டியின் வேறு பெட்டிக்குள்ளும் இருந்திருக்கும். காணாமல்போன முனையில் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 40 காட்டினால் மூன்று ரெசிஸ்டர் இருக்கின்றன, ஒன்றை எடுக்க வேண்டும். ஓபிடி சாக்கெட்டுக்கும் இன்ஜின் லைனுக்கும் நடுவே கேட்வே பெட்டி (லைன்களைப் பிரித்து, செய்திகளை மட்டும் கடத்தும் பெட்டி) உள்ள வண்டிகளில் சாக்கெட்டில் அளப்பது அந்தச் சிறு துண்டை மட்டுமே காட்டும், அதனால் இசியூ கனெக்டரிலேயே அளங்கள்.

பேட்டரியை இணைத்த பிறகு, ஓய்வில் இரண்டு வயரும் எர்த்துக்கு 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பேசும்போது ஹை 3.5-ஐ நோக்கி ஏறும், லோ 1.5-ஐ நோக்கி இறங்கும். மல்டிமீட்டரில் சராசரியாக ஹை சற்று மேலே, லோ சற்றுக் கீழே தெரியும். இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வர வேண்டும்.

வயர் சரியாக இருந்தால் அடுத்தது பாஷை. ஒரு கம்பெனி இன்ஜினின் கேன் வயரை இன்னொரு கம்பெனி வண்டியின் கேன் வயரோடு நேரடியாக முறுக்கிச் சேர்த்துவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பேசும் வேகம் வேறானால், ஒன்று 500, மற்றது 250 கிலோபிட் என்று, ஒவ்வொரு பெட்டியும் மற்றதைப் பிழை என்று கத்தும். பிழை எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் பெட்டி அடங்கிப் பேசும், அனுப்பும் பிழை 255-ஐத் தாண்டினால் லைனிலிருந்தே விலகிவிடும். அதுவரை நன்றாக இருந்த ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து சாகும். பேசும் வேகம் ஒன்றாக இருந்தாலும் செய்தியின் ஒரே அடையாள எண்ணை இருவரும் வேறு வேறு பொருளில் பயன்படுத்தியிருப்பார்கள்.

சரியான வழி, இரண்டு லைனையும் தனித்தனியே வைத்து நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைப்பது. இரண்டு கேன் வாசல் உள்ள சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போதும், டீன்ஸி 4.1 போன்ற பலகையில் மூன்று உண்டு, லைனுக்கான டிரான்ஸீவர் சிப்பை மட்டும் வெளியே சேர்க்க வேண்டும். ஒரு உதாரணம். பிஎம்டபிள்யூ இ46 (3 சீரிஸின் ஒரு தலைமுறை) மீட்டர் ஆர்பிஎம்மை ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண் 316 உள்ள செய்தியிலிருந்து படிக்கிறது. உண்மை ஆர்பிஎம்மை 6.4 ஆல் பெருக்கி அனுப்ப வேண்டும், 3000-க்கு 19200. தண்ணீர் சூடு 329-இல் வரும், பெற்ற எண்ணை 0.75 ஆல் பெருக்கி 48 கழித்தால் டிகிரி. 90 டிகிரிக்கு 184 அனுப்பலாம். செக் இன்ஜின் விளக்கு 545-இல். புதிய இன்ஜின் இசியூ சொல்வதை ஒரு பக்கம் கேட்டு, மறு பக்கம் இந்த மூன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் மீட்டர் தன் சொந்த இன்ஜின் இருப்பதாகவே நம்பிவிடும்.

உங்கள் வண்டிக்கு இந்த எண்கள் கிடைக்காவிட்டால், பழைய இன்ஜினைக் கழற்றும் முன்பே லைனைப் பதிவுசெய்து வையுங்கள்: ஐடில், 2000, 3000, குளிர்ந்த நிலை, சூடான நிலை. பதிவு செய்யும் கருவியை 'கேட்க மட்டும்' நிலையில் வையுங்கள். முழு வேலையிலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான வேறு மணி நேரம் இல்லை, ஆனால் இன்ஜின் வெளியே வந்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. புதிய வண்டிகளில் செய்திக்குள், செய்திக்குச் செய்தி ஏறும் எண்ணிக்கையும் செக்சம்மும் (செய்தி கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருக்கும். எண் சரியாக இருந்தும் மீட்டர் ஏற்கவில்லை என்றால் அந்த இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நிற்பதும் இதே கதைதான், அதற்கு டார்க்கும் த்ராட்டிலும் தெரிய வேண்டும். முடிந்தால் கியர்பாக்ஸையும் அதன் பெட்டியையும் இன்ஜினோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.

அறிகுறி: அதிக ஆர்பிஎம்மில் மட்டும் மிஸ்ஸிங்

கிராங்க் சென்சார் காந்தச் சுருள் வகை என்றால் அதன் இரண்டு வயருக்கும் திசை உண்டு. மாற்றிக் கட்டியிருந்தாலும் இன்ஜின் ஓடலாம், ஆனால் இசியூ பல்லின் தவறான விளிம்பைப் பார்க்கும். டைமிங் லைட் வைத்து, இசியூவில் டைமிங்கை ஒரே எண்ணில் பூட்டி, 1000-லும் 4000-லும் பாருங்கள். குறி நகர்ந்தால் அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். திசை சரி என்றால் கவச வயரைப் பாருங்கள். கவசம் இசியூ பக்கம் மட்டும் எர்த்தாக வேண்டும், இரு முனையும் எர்த்தானால் அதுவே கரண்ட் பாதையாகி மின் இரைச்சலை உள்ளே கொண்டுவரும். இக்னிஷன் காயில் வயர்களோடு அதை ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

பேட்டரி மைனஸில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, அரை மணி நேரம் காத்திருங்கள். பெட்டிகள் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 0.5 ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. 60 அளவுள்ள பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. பியூஸைப் பிடுங்கித் தேடாதீர்கள், பிடுங்கினால் தூங்கிய பெட்டி விழித்துக்கொள்ளும். பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் அளங்கள். எதில் 0 இல்லையோ அந்த வழியில் கரண்ட் போகிறது.

இன்ஜின் மாற்றிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது நாமே போட்ட மொழிபெயர்ப்புப் பலகையைத்தான். அதை நேரடி பேட்டரியில் இணைத்திருந்தால், சாவி எடுத்த பிறகும் அது 'ஆர்பிஎம் 0, ஆர்பிஎம் 0' என்று லைனில் சொல்லிக்கொண்டே இருக்கும். லைனில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால் வண்டியின் மற்ற பெட்டிகள் தூங்காது. பலகையின் கரண்ட்டை சாவி லைனுக்கு மாற்றுங்கள், நடுவில் வாகனத்துக்கென்று செய்த ரெகுலேட்டர் ஒன்றும் இருக்கட்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் எழுச்சியை வெறும் பலகை தாங்காது. பிறகும் இறக்கம் தொடர்ந்தால் இசியூவின் மெயின் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். சாவி எடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் அது வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ அதன் காயிலை எர்த்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இசியூ கனெக்டரைக் கழற்றியதும் ரிலே 'டக்' என்று விட்டால் இசியூ இன்னும் அணையவில்லை, அதன் சாவி வயரில் மிச்ச வோல்ட்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விடவில்லை என்றால் ரிலேக்கும் இசியூவுக்கும் நடுவே வயர் எங்கோ பாடியில் உரசி எர்த்தாகியிருக்கிறது. அந்த வயர் ஃபயர்வாலைத் தாண்டும் ரப்பர் துளையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.